கணப்புக் கதவின் இடுக்கு

"மாப்பிள்ளை, எம் மக ஒரு பொருளை வேணாம்னு சொன்னா, நீங்க உடனே..."

என்று தொடங்கி வீரபத்திரனின் மாமனார் ஒரு விஷயம் சொல்லியிருந்தார். கல்யாணம் முடிந்து, பெண்ணையும் மாப்பிள்ளையையும் நானுஓயா ஸ்டேஷன் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டு, திரும்பும் ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் சொன்னது. உடனே என்ன செய்ய வேண்டும் என்பதுதான் வீரபத்திரனுக்கு மறந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துச் சீர்வரிசைப் பாத்திர மூட்டையைச் சுமைகூலி ஒருவன் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு நடந்தான். வீரபத்திரனின் ஒரு காது மாமனாரிடம் இருந்தது. மற்றதெல்லாம் மூட்டையிடம் போய்விட்டது. 'உடனே நம்பிடாதீங்க' என்றாரா, 'உடனே கேட்டுக்குங்க' என்றாரா, 'உடனே வெளியூர் போயிடுங்க' என்றாரா, ஒன்றும் நிச்சயமில்லை. மாமனார் காலமாகி வெகுநாளாகிறது. மகளிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் அது எதிர்க்கடைக்காரரிடம் போய், 'நம்ம சரக்கு எப்படி?' என்று விசாரிப்பதைப் போன்றது.

இந்த நிலைமையில்தான் வீரபத்திரன் ஓர் இரும்புக் கணப்பை வீட்டுக்குக் கொண்டுவந்தார். மனோரஞ்சிதம் அதை வேண்டாம் என்றாள்.

நுவரெலியா கடைத்தெருவில் வீரபத்திரனுக்குப் பலசரக்குக் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. முதலில் முன்னறை, அதையடுத்து ஒரு நடை, நடைக்கு ஒருபுறம் உள்ளறை, கடைசியில் சமையற்கட்டு. மார்கழியிலும் தையிலும் அந்தக் கடையில் தேங்காயெண்ணெயை அளந்து ஊற்ற முடியாது. கரண்டியால் தோண்டித்தான் கொடுக்க வேண்டும். வாடிக்கைக்காரர்கள் எண்ணெயைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு போவார்கள். விடிந்து வெளியே பார்த்தால் புல்லெல்லாம் உப்புத் தூவியதுபோல உறைபனியில் வெளுத்திருக்கும். வீரபத்திரன் சட்டைக்கு மேல் சட்டை, அதற்கு மேல் கோட்டு, அதற்கு மேல் கம்பளி, காதைச் சுற்றி மப்ளர் என்று உடுத்திக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருப்பார். தராசைத் தூக்க அவர் கையை வெளியே எடுப்பதற்குள் வாடிக்கைக்காரர் இரண்டு கதை சொல்லி முடித்துவிடுவார்.

அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசை இருந்தது. தோட்டத்து பங்களாக்களுக்குச் சாமான் கொடுக்கப் போகும்போதெல்லாம், பின்வாசலில் நின்றபடி, திறந்திருக்கும் கதவுகளின் வழியே அவர் ஒரு காட்சியைப் பார்த்திருக்கிறார். துரை சாய்வு நாற்காலியில் கிடப்பார். எதிரே இரும்புக் கணப்பு. துரையின் இரண்டு காலும் அதை நோக்கி நீட்டியிருக்கும். கையில் பேப்பர். முகத்தில் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத அமைதி. தானும் ஒருநாள் அப்படி உட்கார வேண்டும் என்று வீரபத்திரன் நினைத்தார். பங்களா வேண்டாம், குதிரை வேண்டாம். கால் நீட்டினால் போதும்.

தேயிலை விலை விழுந்த வருஷம் அது. துரைமார் சிலர் மூட்டை கட்டிக்கொண்டு சீமைக்குக் கப்பலேறினார்கள். அப்படிப் போன ஒருவருடைய பங்களாச் சாமான்களை ஏலம் விட்டார்கள். பியானோவை யாரோ எடுத்தார்கள். மான்கொம்பை யாரோ எடுத்தார்கள். கணப்பை எடுக்க ஆளில்லை. வீரபத்திரன் கையைத் தூக்கினார். குளிரில் தூக்கிய கை மடங்கவில்லை. அதையே உறுதியான ஏலக் கேள்வி என்று எடுத்துக்கொண்டு ஏலக்காரர் சுத்தியலைத் தட்டினார்.

மாட்டுக் கரத்தையில் வந்து இறங்கியது கணப்பு. இடுப்பளவு உயரம். சிங்கத்தின் பாதம்போல் வார்த்த நாலு கால். முன்னால் ஒரு கனத்த கதவு, தலையிலிருந்து கூரைவரை போகும் புகைக்குழாய். ஆட்கள் அதை முன்னறையில் இறக்கி வைத்துவிட்டு முதுகைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சமையற்கட்டிலிருந்து மனோரஞ்சிதம் வந்து பார்த்தாள். ஒருமுறை சுற்றிவந்தாள்.

"என்னங்க இது?"

"கணப்பு. உள்ள வெறகு போட்டுக் கதவைச் சாத்துனா ரூமு முழுக்கச் சூடாயிரும்."

"குளிருக்குக் கம்பளி இருக்கே."

"கம்பளிய எதுக்க வச்சுக் காலை நீட்டிக்கிட்டு உக்கார முடியுமா?"

"அப்ப நீங்க காலை நீட்டிக்கிட்டு உக்காரப் போறீங்க."

"ஆமா."

"கடைய யாரு பாக்குறது?"

"கடை மூடின பெறகு."

"கடை மூடின பெறகு நீங்க தூங்குவீங்களே."

"அதுக்கு முந்தி."

"இந்தக் கரும்பூதம் எனக்கு வேணாங்க," என்றாள் மனோரஞ்சிதம். அவள் சொன்னபோது மாமனாரின் அரை வார்த்தை வீரபத்திரனின் மனதில் தலைநீட்டிவிட்டு, மிச்சம் கிடைக்காமல் திரும்பிப் போனது.

முன்னறைக் கூரைத் தகரத்தில் ஓட்டை போட்டுக் குழாயை வெளியே விட்டு, அன்று சாயங்காலமே கணப்பை மூட்டினார். கவ்வாத்து வெட்டி வந்த தேயிலைச் செடிக் குச்சியை இந்த மலையில் மிலாறு என்பார்கள். அந்த மிலாறை அடுக்கி, மேலே நாலு விறகு வைத்து, பற்றவைத்துக் கதவைச் சாத்தினார். சாய்வு நாற்காலியில் சாய்ந்தார். காலை நீட்டினார். பேப்பரை விரித்தார். பேப்பரில் எழுத்து மங்கலாகத் தெரிந்தது. பிறகு பேப்பரே தெரியவில்லை. பிறகு தன் காலே அவருக்குத் தெரியவில்லை.

புகை குழாய் வழியாகப் போக வேண்டியது. அதில் கொஞ்சம் போகவும் செய்தது. மீதியெல்லாம் கதவின் ஓரத்து இடுக்கு வழியாக அறைக்குள் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தது. பக்கத்து வீட்டுத் தையற்காரர் மனைவி பரிமளம் வாசலுக்கு ஓடிவந்தாள்.

"அக்கா, வீடு பத்திக்கிச்சா?"

"இல்ல பரிமளம். உங்க அண்ணன் பேப்பர் படிக்கிறாரு," என்றாள் மனோரஞ்சிதம், முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி.

மறுநாள் வீரபத்திரன் கதவை ஆராய்ந்தார். சாத்திய கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு வெற்றிலைக் காம்பு தாராளமாக நுழைந்தது. கதவின் உள்விளிம்பைச் சுற்றி விரல் அகலத்துக்கு ஒரு காடி பள்ளமாக ஓடியது. அது அழகுக்கு என்று வீரபத்திரன் நினைத்தார். சீமைக்காரன் எதைச் செய்தாலும் கொஞ்சம் அழகுக்கும் செய்வான் என்பது அவருடைய கட்சி.

"இன்னொரு தரம் இதை மூட்டுனீங்கன்னா," என்றாள் மனோரஞ்சிதம், "பழைய இரும்பு வாங்குற நானா இந்தப் பக்கமாத்தான் வர்றாரு. தூக்கிட்டுப் போகச் சொல்லிருவேன்." முஸ்லிம் வியாபாரிகளை அந்த ஊரில் நானா என்பார்கள்.

"இதுல ஒண்ணுமில்ல, ரஞ்சிதம். இடுக்கை அடைச்சாச் சரியாப் போச்சு."

"யாரு அடைக்கிறது?"

"நான்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி. தைப்பொங்கலுக்குள்ள அடைங்க. அடைச்சு, ஒரு நூலு பொகை இல்லாம எனக்குக் காட்டுங்க. இல்லாட்டி இது நானாவோட வண்டியில போகும். அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது."

"இந்தக் கணப்பு வண்டி ஏறாது," என்றார் வீரபத்திரன். தன் குரல் தனக்கே கம்பீரமாகக் கேட்டது. கடையில் அந்தக் குரல் வருவதில்லை.

முதலில் மண்ணால் அடைத்தார். செம்மண்ணும் சாணியும் குழைத்து, கதவைச் சாத்தி, சுற்றிலும் பூசி மெழுகினார். அடைப்பு பிரமாதமாக நின்றது. ஒரு பொட்டுப் புகை இல்லை. வீரபத்திரன் காலை நீட்டி உட்கார்ந்தார். சற்று நேரத்தில் நெருப்பு தணிந்தது. விறகு போட எழுந்தார். அப்போதுதான் ஒரு விஷயம் விளங்கியது. கதவைத் திறந்தால் அடைப்பு உடையும். திறக்காவிட்டால் விறகு போக வழியில்லை. கொஞ்ச நேரம் கதவையும் விறகையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னங்க, யோசனையா?" என்றாள் மனோரஞ்சிதம், நடையிலிருந்து.

"இல்ல. இது ஒரு தடவைக்கு மட்டும் வர்ற மாதிரி."

"சமாதிக்கு இப்படித்தான் பூசுவாங்க," என்றுவிட்டு அவள் உள்ளே போனாள்.

அடுத்தது ஈயத்தாள். தேயிலைப் பெட்டிகளுக்கு உள்ளே ஈரம் புகாமல் இருக்க ஈயத்தாள் ஒட்டியிருப்பார்கள் அல்லவா, அது கடையில் நிறையக் கிடந்தது. பழைய பெட்டிகளில்தான் அவர் பருப்பு கொட்டி வைத்திருந்தார். ஈரம் புகாத பொருளில் புகை மட்டும் எப்படிப் புகும் என்பது வீரபத்திரனின் வாதம். மடித்தால் மடிகிறது. அழுத்தினால் படிகிறது. எங்கே வைத்தாலும் அதன் வடிவத்தை எடுத்துக்கொள்கிறது. மருமகனாக வர வேண்டியது, தாளாகப் பிறந்துவிட்டது. அதை நாலைந்தாக மடித்துக் கதவைச் சுற்றி வைத்து, ஒரு கட்டையால் தட்டித் தட்டிப் பதித்தார். மனோரஞ்சிதம் பக்கத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"தை பொறந்ததும் பூரணியக் கூட்டியாரணும்ங்க."

"ம்."

பூரணி அவர்களுடைய ஒரே மகள். அட்டனில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவளுக்கு இது தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்துவிட்டது. மார்கழியில் பெண்ணைக் கூட்டிவரும் வழக்கமில்லை என்பதால் தைக்காகக் காத்திருந்தார்கள்.

"உள்ளறைய ஒழிச்சு வெள்ளையடிக்கணும். புள்ள பொறக்குற எடம்."

"ம்."

"மாசிப் பனியில பச்சப்புள்ளய வச்சுக்கிட்டு அந்த ரூமுல எப்புடி இருக்குறது? கரிச்சட்டிய வச்சா அது ஒரு பக்கம் மூச்சு முட்டும்."

"ம்."

"நான் சொல்றது காதுல விழுதா?"

"விழுது, விழுது. ரஞ்சிதம், இந்தச் சந்துல தட்டுறதுக்கு ஒரு சின்னக் கட்டை இருந்தா எடுத்துக் குடு."

அவள் பருப்பு மத்தை எடுத்துக் கொடுத்தாள்.

அன்று கணப்பு முதல் அரைமணி நேரம் நல்ல பிள்ளையாக எரிந்தது. கதவு திறந்தது, சாத்தியது, அடைப்பு அப்படியே இருந்தது. வீரபத்திரன் பேப்பரில் ஒரு பக்கத்தை முழுதாகப் படித்துவிட்டார். இரண்டாம் பக்கம் புரட்டுகையில் மனோரஞ்சிதம் தலையை நீட்டினாள்.

"என்னங்க, உங்க கதவு அழுவுது."

நிமிர்ந்து பார்த்தார். கதவின் நாலு ஓரத்திலிருந்தும் ஈயம் உருகி, வெள்ளி வெள்ளியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. தரையில் அது ஓடி, கணப்பின் ஒரு சிங்கக்காலைச் சுற்றிக் கொலுசுபோல உறைந்தது. பின்னாலேயே புகை வந்தது. புகைக்குப் பின்னால் பரிமளம் வந்தாள்.

"பேப்பரா அக்கா?"

"ரெண்டாவது பக்கம்," என்றாள் மனோரஞ்சிதம்.

மார்கழி பிறந்துவிட்டது. வீரபத்திரன் கடையில் சீனி நிறுத்தபோதும் இடுக்கையே நினைத்தார். உளுந்து கேட்டவருக்குக் கடலை கட்டிக் கொடுத்தார். கோணியை நனைத்துச் செருகிப் பார்த்தார், அது வெந்தது. தன் பழைய மப்ளரைச் செருகிப் பார்த்தார், அது எரிந்தது. புது மப்ளரைக் கையில் எடுத்தபோது மனோரஞ்சிதம் வாங்கி உள்ளே வைத்துவிட்டாள்.

"விட்டுருங்க," என்றாள். "நமக்கு எதுக்கு? தொரைக்கு அது படியும். நமக்குப் படியாது. நானாகிட்ட நாளைக்கே சொல்லிவிடுறேன்."

இந்த ஒரு பேச்சை மட்டும் அவள் சொல்லாமல் இருந்திருந்தால், வீரபத்திரன் அன்றோடு தோற்றிருப்பார். அவருக்கும் அலுத்துவிட்டிருந்தது. ஆனால் 'நமக்குப் படியாது' என்ற வார்த்தை அவருடைய நெஞ்சுக்குள் போய் விறகு போட்டது.

"தைக்கு இன்னும் நாளிருக்கு," என்றார்.

"உங்க இஷ்டம்," என்றாள் அவள், வெகு சலிப்பாக.

அந்த ஞாயிற்றுக்கிழமை சோலைமலை கடைக்கு வந்தார். பக்கத்துத் தோட்டத்து ஃபாக்டரியில் டீமேக்கர் அவர். கொழுந்தைத் தூளாக்கும் வேலை முழுக்க அவர் பொறுப்பு. அதை ஊருக்கெல்லாம் சொல்வது அதைவிடப் பெரிய பொறுப்பாக அவருக்கு இருந்தது.

"என்ன முதலாளி, ஒங்க வீட்டுல கணப்பு அழுவுதாமே?"

"யாரு சொன்னா?"

"எங்க வீட்டுல சொன்னா. அவளுக்கு யாரு சொன்னாளோ." சோலைமலை கடைப்படியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார். "ஈயத்த வச்சு அடுப்ப அடைச்ச ஆளு இந்தச் சீமையிலயே நீங்க ஒருத்தருதான். கொழுந்தக் காய வைக்கிற எங்க டிரையர் அடுப்பப் பாத்திருக்கீங்களா? ஒங்க கணப்பு அதுக்குப் பேரன் முறை. அதோட கதவுல நூலு பொகை வந்தா அவ்வளவு தூளும் பொகை நாத்தம் அடிச்சிப் போகும். கொழும்புல மூந்து பாத்துட்டுத் தூக்கி எறிஞ்சிருவான். வருமா? நான் விடுவேனா?"

"என்ன வச்சு அடைக்கிறீங்க?"

"கயிறு."

"கயிறு எரியாதா?"

"இது கல்லுல நார் உரிச்சுத் திரிச்ச கயிறு. எரியாது. கதவுக்குள்ள ஓரமா ஒரு காடி ஓடுதா?"

"ஓடுது. அழகுக்கு."

சோலைமலை சிரித்ததில் வாசலில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "அழகுக்கா? அது கயிறு படுக்குற எடம், முதலாளி. பழைய கயிறு உதுந்து போயிருக்கும். நான் ஒரு துண்டு தர்றேன். ஒட்டுறதுக்கு டிரையர் செங்கல்லுக்குப் பூசுற வெள்ளமண்ணும் தர்றேன். ஒரே நாள் வேல. நானே கண்ண மூடிக்கிட்டு ஒட்டிருவேன்."

கயிறு வந்தது. பேரனுக்குப் பாட்டன் வேட்டியைக் கட்டியதுபோல் ஆயிற்று. டிரையர் கதவுக்கான கயிறு பெருவிரல் கனம். அதைக் காடியில் வைத்தால் கதவு பாதிவரைதான் சாத்தியது. வீரபத்திரன் தோளால் தள்ளினார். சோலைமலை வந்து முதுகால் தள்ளினார்.

"கயிறு சரியாத்தான் இருக்கு," என்றார் சோலைமலை மூச்சிரைக்க. "ஒங்க கதவுதான் நோஞ்சான். கதவ மாத்துங்க." சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

வீரபத்திரன் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கல்லோ நாரோ, கயிறு கயிறுதானே. மூட்டை கட்டவும் வாளி கட்டவும் அவர் நாள்தோறும் கயிறு விற்கிறவர். நுனியைப் பிரித்துப் பார்த்தார். மூன்று புரி. ஒரு புரியை உருவி எடுத்துவிட்டு மற்ற இரண்டையும் மறுபடி முறுக்கினார். காடியில் வைத்தார். கச்சிதமாகப் படுத்தது. காடியைச் சுரண்டித் துடைத்து, வெள்ளைமண்ணைக் கூழாகக் கரைத்து ஊற்றி, கயிற்றை இழுக்காமல் நீவி நீவிப் பதித்தார். இரண்டு நுனியும் சேரும் இடத்தைக் கீழ்ப்பக்கம் வைத்தார். கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டுக் காயவிட்டார். காய்ந்தபின் பேப்பரை நீளநீளமாகக் கிழித்து, ஒரு துண்டைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி, வெளியே இழுத்துப் பார்த்தார். அடைப்பு சரியாக இருந்தால் தாள் கிழியுமே தவிர வரக் கூடாது. மேலே வைத்தார், வரவில்லை. கீழே, வரவில்லை. கொண்டிப் பக்கம், வரவில்லை. கீல் பக்கம் வைத்தார். சர்ரென்று வந்துவிட்டது.

மனோரஞ்சிதம் நடையில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேப்பர் படிக்கத்தானே இத வாங்குனீங்க? இப்பிடியா படிப்பாங்க?"

"கீல் பக்கம் ஒரு மயிரிழை ஓடுது, ரஞ்சிதம்."

"பெரியவங்களுக்கு அது ஒண்ணும் செய்யாது. போதும், விடுங்க."

"போதுமா? அரைகுறையா விடுறவனா நான்?"

"இல்லையா?" என்றாள் அவள், மெய்யாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள்போல.

வீரபத்திரன் பிஸ்கட் டின் தகரத்தில் ஒரு வட்டு வெட்டினார். கீலைக் கழற்றி, வட்டை அடியில் வைத்து, மறுபடி பூட்டினார். தாளை வைத்தார். இழுத்தார். தாள் கிழிந்தது. தம் வாழ்நாளில் ஒரு பேப்பர் கிழிந்ததற்காக அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

முதலில் சின்னதாக நெருப்பு வைத்து மண்ணை இறுகவிட்டார். பிறகு பெரிதாக. போகி கழிந்து பொங்கலன்று ஊரெல்லாம் மூடுபனி. அடுத்த வீட்டுச் சுவர் தெரியவில்லை. புகை கூரைக்கு மேல் ஏற மறுக்கும் நாள் அது. அப்படிப்பட்ட நாளில் வீரபத்திரன் கணப்பை நிறைய விறகு போட்டு மூட்டிவிட்டு மனைவியைக் கூப்பிட்டார். சாட்சிக்குப் பரிமளத்தையும் கூப்பிட்டார்.

புகை இல்லை. உள்ளே நெருப்பு பசுமாடு அசைபோடுவதுபோல மெல்ல முனகிக்கொண்டிருந்தது. அறை சூடேறி, வீரபத்திரன் கம்பளியைக் கழற்றினார். மப்ளரைக் கழற்றினார். கோட்டைக் கழற்றினார். பரிமளம் அவருடைய கழுத்தை முதல்முறையாகப் பார்த்தாள்.

மனோரஞ்சிதம் அவசரப்படவில்லை. கதவோரமாகக் குனிந்து மோந்து பார்த்தாள். வீரபத்திரனின் பழைய வேட்டியைக் கிழித்து நனைத்த வெள்ளைத் துண்டுகளை ஒரு கை கொண்டுவந்து, கதவுக்கு முன்னால் கொடி கட்டிப் போட்டாள். அவை காயும்வரை காத்திருந்து, ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கரி இல்லை. மோந்து பார்த்தாள். வாடை இல்லை. துண்டுகளை அழகாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். இத்தனை துண்டு எதற்கு என்று வீரபத்திரனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. வெற்றியின் மும்முரத்தில் அது நிற்கவில்லை.

"பரவால்ல," என்றாள்.

"பரவால்லயா?"

"கண்ணு எரியல. நெஞ்சக் கரிக்கல. ஆனா நாம வளந்தவங்க. நமக்குத் தெரியாது."

"என்ன தெரியாது? பொறந்த புள்ளயக் கொண்டாந்து பக்கத்துல போட்டாலும் தும்மாது. போட்டுப் பாரு."

"நெசமாவா?"

"நெசமா. யாரு அடைச்ச கதவு இது?"

"பரிமளம், கேட்டுக்கிட்டியா?" என்றாள் மனோரஞ்சிதம்.

"கேட்டேங்க்கா. பொறந்த புள்ளயப் பக்கத்துல போட்டாலும் தும்மாதுன்னாரு."

"ஆமா," என்றார் வீரபத்திரன் பெருமையாக. அன்று மாலை சாய்வு நாற்காலியைச் சரியான இடத்துக்கு இழுத்துப் போட்டு, காலை நீட்டி, பேப்பரின் எல்லாப் பக்கத்தையும் படித்தார். விளம்பரங்களைக்கூட விடவில்லை. அந்த ஒரு மாலை அவர் துரை.

மறுநாள் மாட்டுப்பொங்கல். மத்தியானச் சோற்றுக்குக் கடையிலிருந்து உள்ளே வந்தவர் முன்னறையில் நின்றுவிட்டார். சாய்வு நாற்காலி இருந்தது. எதிரே ஒன்றுமில்லை. தரையில் சிங்கப்பாத அடையாளம் மட்டும் நாலு. ஒன்றைச் சுற்றி ஈயக்கொலுசு.

நானா வந்துவிட்டாரோ என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினார். உள்ளறை திறந்திருந்தது. வெள்ளையடித்த சுவர். புதுப்பாய், துணி மெத்தை. உத்தரத்தில் தூளிக்குக் கயிறு மாட்டியிருந்தது. மூலையில் கணப்பு, இத்தனை நாளும் அங்கேயே இருந்ததுபோல. அவர் கடையில் இருந்த நேரத்தில் பின்வாசல் வழியாக ஆள் கூப்பிட்டு நகர்த்தியிருந்தாள். அதன் புகைக்குழாய் கூரைத் தகரத்தில் வட்டமாக வெட்டிய ஓட்டைக்குள் போயிருந்தது. வீரபத்திரன் நிமிர்ந்து அந்த ஓட்டையைப் பார்த்தார். ஓரமெல்லாம் துருப்பிடித்திருந்தது.

"இது எப்ப வெட்டுனது?"

"கார்த்திகையில," என்றாள் மனோரஞ்சிதம், மெத்தையைத் தட்டியபடி. "தகர வேலைக்காரரு ஒழுகல் அடைக்க வந்தாரு. வந்தவர சும்மா அனுப்புவானேன்னு ஒரு ஓட்டையும் போடச் சொன்னேன்."

"கார்த்திகையில நீ இத வேணாம்னு சொல்லிக்கிட்டிருந்தே."

"ஆமா."

"நானாவக் கூப்பிடுவேன்னே."

"அவரு இந்தத் தெருவுக்கு வர்றதையே விட்டுட்டாரு. வருஷம் ஒண்ணாச்சு."

"சோலைமலை வீட்டுல சொன்னது?"

"கடுகு வாங்க வந்தப்ப பேச்சுவாக்குல சொன்னேன்."

வீரபத்திரன் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். கணப்பு அவருக்கு எதிரே நின்றது. அவர் முறுக்கிய கயிறு. அவர் வெட்டிய தகரம். தாள்கூட நுழையாத கதவு.

"பூரணிக்கு வேணும்னு மொதல்லயே ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?"

அவர் யோசித்தார். நியாயமாகவே யோசித்தார். எங்கம்மா கரிச்சட்டியை வைத்தே எட்டுப் பெற்றாள் என்று சொல்லியிருப்பார். பிரசவத்துக்கு இன்னும் நாளிருக்கிறது என்று சொல்லியிருப்பார். மண்ணைப் பூசியதோடு கையைக் கழுவியிருப்பார்.

"வேணும்னு கேட்டிருந்தா இன்னமும் பொகைஞ்சிக்கிட்டுத்தான் இருக்கும்," என்றாள் மனோரஞ்சிதம். குரலில் வெற்றி எதுவும் இல்லை. அடுப்பில் சோறு வெந்துவிட்டது என்று சொல்வதுபோல்தான் சொன்னாள். "எந்திரிங்க. சாப்புட்டுட்டு ஸ்டேஷனுக்குப் போங்க. பூரணி வர்ற நேரம்."

வீரபத்திரன் சட்டைக்கு மேல் சட்டை, கோட்டு, கம்பளி, மப்ளர் எல்லாம் மறுபடி போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார்.

மாசியில் பேத்தி பிறந்தாள். கணப்புக்குப் பக்கத்தில் தூளியில் கிடந்தாள். தும்மவில்லை. பரிமளம் அதை எல்லோரிடமும் சொன்னாள். பிரசவ அறையில் ஆம்பிளைக்கு வேலையில்லை என்பதால் வீரபத்திரன் உள்ளே போக முடியாது. குழந்தையை நடைவரை கொண்டுவந்து காட்டுவார்கள், பார்த்துவிட்டுக் கடைக்குப் போவார். முன்னறையிலேயே உட்கார்ந்து பார்த்தார், குளிரில் பல் தந்தியடித்தது. இரண்டொரு நாள் கழித்துச் சாய்வு நாற்காலியை நடைக்குத் தூக்கி வந்து, உள்ளறை மரக்கதவுக்கு எதிரே போட்டார். அந்தக் கதவு தரையைத் தொடாது. அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு இடுக்கு. அதன் வழியே வெதுவெதுப்பாக ஒரு மூச்சு வந்துகொண்டே இருந்தது. வீரபத்திரன் காலுறையைக் கழற்றிவிட்டு இரண்டு காலையும் அந்த இடுக்கை நோக்கி நீட்டினார். பேப்பரை விரித்தார்.

கதவு திறந்தது. மனோரஞ்சிதம் கஞ்சிக் கிண்ணத்தோடு வெளியே வந்து, அவருடைய காலைத் தாண்டிப் போனவள், நின்று திரும்பிப் பார்த்தாள். கதவின் அடியைப் பார்த்தாள்.

"சூடெல்லாம் இந்த இடுக்கு வழியாப் போகுதுங்க. வெறகு கட்டுப்படியாகல. ஒங்களுக்குத்தான் கைவந்த வேலையாச்சே. மீதிக் கயிறு இருக்கா?"

"தீந்துபோச்சு," என்றார் வீரபத்திரன், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கோணித்துணிய அடிச்சாலும் போதும்."

"பாப்போம்."

அவள் சமையற்கட்டுக்குப் போனாள். உருவி எடுத்த அந்த ஒற்றைப் புரிக் கயிறு கடையில் புளிப்பானைக்குப் பின்னால் சுருட்டி வைத்திருந்தது. அதை நாளைக் காலையில் சோலைமலையிடமே திருப்பிக் கொடுத்துவிடுவது, அந்த மரக்கதவின் இடுக்கை எந்தக் காலத்திலும் அடைப்பதில்லை என்று வீரபத்திரன் முடிவு செய்தார்.